குருவம்மாளின் விரல்கள்

நித்தியகல்யாணிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, மேடம். இந்தக் கரிசல் காட்டில் எதை விதைத்தாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். அது மட்டும் ஆடு மாடு வாய் வைக்காமல் தன்பாட்டுக்குப் பூத்து நிற்கும். உங்கள் ஸ்டேஷன் வாசலில்கூட நிற்கிறது, வரும்போது பார்த்தேன்.

என் பெயர் ஸ்ரீமதி. விருதுநகரில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா மிளகாய் வத்தலோடு நித்தியகல்யாணி இலையையும் காயவைத்து, மூட்டை மூட்டையாக வெளியூருக்கு அனுப்பிய வியாபாரி. அந்தச் செடியிலிருந்துதான் புற்றுநோய்க்கு ஊசிமருந்து எடுக்கிறார்கள். எங்கள் கிட்டங்கியிலிருந்து சருகாகப் போவது யாரோ ஒருவர் பெயரில் மருந்தாகத் திரும்பி வருவதைப் பார்த்து எனக்குச் சிறு வயதிலிருந்தே எரிச்சல். எம். புதுப்பட்டியில் போன வாரம் வெடித்தது என் அண்ணன் காளிராஜின் பட்டாசுக் கம்பெனி. நீங்கள் பிடித்து வைத்திருக்கும் ஃபோர்மேன் வேலுச்சாமி மேல் ஒரு தப்பும் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். அது கடகடக்கிற கடகடப்பில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

புற்று செல் நிதானமாகச் சாப்பிடாது. பந்திக்கு முந்துகிற ஆள் மாதிரி சர்க்கரையை அள்ளி அள்ளி விழுங்கும். ஊசிமருந்து அந்த செல் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கிறது. அதே செடியில், அது சாப்பிடுவதையே தடுக்கிற இன்னோர் ஆல்கலாய்டு இருக்கிறது என்பது என் கணிப்பு. கண்ணாடித் தட்டில் செல்கள் பட்டினி கிடந்து சாவதைக் கண்ணால் பார்த்தேன். அடுத்து எலிக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு அனுமதி கேட்டால், குழுவில் இருக்கிற பெரிய மனிதர்கள் இன்று வா, நாளை வா என்று இழுத்தடித்தார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் போயிற்று.

அப்போதுதான் குருவம்மாள் வந்தாள். அண்ணன் கம்பெனியில் வேலை பார்ப்பவள். மார்பில் கட்டி. அவள் மகள் ஓவியா மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, சிகிச்சைக்கு நாளும் வாங்கியிருந்தாள்.

"அறுத்துப்போட்டுருவாகளாம் டீச்சர். பயமா இருக்கு. நீங்க படிச்சவுக, ஒரு வழி சொல்லுங்க" என்றாள்.

வலிய வந்தது அவள்தான். மதுரைக்குப் போக வேண்டாம் என்றது நான். மதுரை மருந்தும் என் மருந்தும் உடம்பில் கலந்தால் எது வேலை செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தினமும் காலையில் என் கையாலேயே அந்தச் செடியின் சாற்றைக் கொடுத்தேன். கட்டி சுருங்கியது. அவளுக்கு அப்படித் தெரியவில்லை, வலி கூடுகிறது என்றாள். அவளுக்கு என்ன தெரியும், தொட்டுப் பார்த்தவள் நான்.

அவளுடைய வேலையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். வெடிமருந்துக் கலவையைச் சலித்த பிறகும் சல்லடையில் தப்பிய மணல் கிடக்கும். அதை விரல்நுனியால் மெல்லத் தடவிப் பார்த்துப் பொறுக்கி எடுப்பாள். ஒரு துளி மணல் கிடந்தாலும், அடுத்த அறையில் வெடிக்குழாய்க்குள் திணிக்கும்போது உரசிப் பற்றிக்கொள்ளும். கண்ணை நம்ப முடியாது, விரலைத்தான் நம்ப வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

ஒருநாள் அவள் விரலை நீட்டினாள். "மரத்துப்போயி கெடக்கு டீச்சர். சேலைக் கொசுவம் பிடிக்க முடியல." அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். இந்தச் செடியின் மருந்து நரம்பைத் தொட்டால் விரல் மரக்கும். என் சாறு உடம்புக்குள் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வேலுச்சாமி கவனித்துவிட்டார். நல்ல மனிதர். வீட்டுக்கே வந்து கேட்டார்.

"அதுக்குக் கையில தம்ளர் நிக்க மாட்டேங்குது டீச்சர். கல்லு பாக்குற எடம், வெளையாட்டு இல்ல. கொஞ்ச நாளைக்கு வீட்ல இருக்கச் சொல்லவா?"

"சத்துக் கொறவுதாண்ணே. நான் பாத்துக்கிறேன், வேலைக்கு வரட்டும்" என்றேன்.

முதலாளியின் தங்கை சொன்னால் அவர் என்ன செய்வார்? அவள் வீட்டில் உட்கார்ந்தால் ஓவியா மறுநாளே மதுரைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். இத்தனை தூரம் வந்ததெல்லாம் போய்விடும். விரல் மரத்தவள் கையில் அந்தக் கலவை போகிறது என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன்.

அவள் விரலுக்குத் தப்பிய மணல் உரசிப் பற்றியபோது, திணிக்கிற அறையில் மூன்று பெண்கள் இருந்தார்கள்; மூன்று பேரும் போனார்கள். இந்தப் பக்கம் சுவர் விழுந்து, தீயில் குருவம்மாளும் போனாள். எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். கட்டியை எடுத்துப் பார்க்கக்கூட உடம்பு மிஞ்சவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மணி என்ன ஆகிறது, மேடம்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மாரிச்செல்வி என்று இன்னொருத்தி. அவளுக்கும் கட்டி, அவளுக்கும் நான்தான் கொடுக்கிறேன். வேறு கம்பெனி, அதே வேலை. இங்கே வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் போன் செய்தாள்.

"வெரலு நுனியில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு டீச்சர். வேலைக்குப் போகவா, வேணாமா?"

போ என்றேன். இந்நேரம் கலவையில் கை வைத்திருப்பாள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், நான் சொல்லப்போவதில்லை. உட்காருங்கள், மேடம். வேலுச்சாமியை விட்டுவிட்டு என்னை உள்ளே வையுங்கள், எனக்கு வருத்தமில்லை. அவளை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பாதியில் நிறுத்தினால் குருவம்மாள் செத்தது வீணாகிவிடும்.