ரத்தக்குழாயில் துரு

மூன்றாம் வகுப்போடு நின்றாலும் நாலு லாரிக்கு முதலாளியானவன் நான். எனக்குத் தெரியாத துரு கிடையாது. ஆனால் நிலக்கோட்டை பேருந்தில் முன் இருக்கை அம்மாள் சொன்னது எனக்கே புதிதாக இருந்தது. கணவரின் கால்புண்ணைத் திண்டுக்கல்லில் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஒங்க ரத்தக்குழாய்க்குள்ள துருப் பிடிக்குதாம்ல!"

"டாக்டரு ஸ்ட்ரெஸ்னுதான சொன்னாரு? எல்லாம் நீ கத்துற கத்துல வந்தது."

"அது மனசு ஸ்ட்ரெஸ் இல்ல. பீடிப் புகை உள்ள போயி துரு மாதிரி அரிக்குதுல்ல, அதுக்குப் பேரு. குழாய் விரியாம வெறைச்சுப் போகுதாம். அதான் காலுக்கு ரத்தம் பத்தல, புண்ணும் ஆறல."

"அதுக்குத்தான் வெள்ளை அணு காவலுக்கு இருக்கே?"

"சண்டைக்குன்னு ஓடியாந்து, குழாய்ச் செவுத்துலயே ஒட்டிக்கிட்டு, அதுவும் சேந்து புண்ணாக்குதாம்."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நம்ம ஆளே நம்மளயா?"

"புகைய நிறுத்துனா அதுவும் அடங்குமாம். இல்லேன்னா கால்விரலை எடுக்கணும்னு சொன்னாருல்ல?"

அவர் சட்டைப்பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கி ஜன்னல் வழியே எறிந்த அம்மாள், மறுபடியும் கையை நீட்டினார்.

"இடுப்புல சொருகியிருக்கதையும் எடுங்க."