வாய்க்கால் நிறைய லில்லி

— சுவர் எங்கண்ணா?

— இடிச்சாச்சு.

— கேட் மட்டும் நிக்குதே.

— கேட்டை இடிக்கச் சொல்லி யாரும் கேக்கலை.

— அதுல பூட்டு வேற. ரெண்டு பக்கமும் வெட்டவெளி, நடுவுல பூட்டின கேட்டு. ஊர் நிலத்தையெல்லாம் அளந்த சர்வேயர் வீட்டுல...

— சாவி இல்ல. பக்கவாட்டுல சுத்தி வா. பாத்து, ஈரம். இருபத்தாறு வருஷம் கழிச்சு வந்த அன்னிக்கே வழுக்கி விழுந்து வைக்காதே. பழி எனக்குத்தான் வரும்.

— என்னன்னு வரும்?

— அண்ணன்காரன் தள்ளிவிட்டான்னு.

— நல்லாத்தான் யோசிச்சு வெச்சிருக்கீங்க. நான் என்ன, உங்க மேல... அண்ணா.

— ம்.

— அண்ணா, இது என்ன...

— லில்லி. ஆரம் லில்லி. நம்ம வீட்டுதுதான்.

— வாய்க்கால் பூராவுமா?

— அந்த வளைவு வரைக்கும். அங்க எல்லைக்கல் இருக்கு. அதையும் தாண்டிப் போயிட்டிருக்கு. நான் நட்ட கல்லை மதிக்காத ஒரே ஆள் இதுதான்.

— ...

— என்ன, பேச்சையே காணோம்? சின்ன வயசுல உன் வாயை மூட நான் படாத பாடு இல்ல. இவ்வளவு சுலபம்னு தெரியாமப் போச்சு.

— கொஞ்சம் சும்மா இருங்கண்ணா. பாத்துக்கறேன்.

— பாரு, பாரு.

— எத்தனை இருக்கும்?

— நேத்து இருநூத்திப் பதினாலு. இன்னிக்குக் காலையிலயும் எண்ணத்தான் வந்தேன். முடியலை.

— உங்களாலயா? ஜன்னல் கம்பியை எண்ணி எழுதி வெச்ச மனுஷன் நீங்க.

— நூறு வரைக்கும் வந்தேன். அந்த நேரம் பாத்து வெயில் அந்தப் பக்கத்துலேருந்து ஏறிச்சு. ஒவ்வொரு பூவுக்குள்ளயும் யாரோ விளக்கு ஏத்தின மாதிரி... எண்ணிக்கை விட்டுப்போச்சு. காபியைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். உங்க அண்ணி வந்து டம்ளரைப் பிடுங்கிட்டுப் போனா.

— அண்ணி எங்கே?

— திரும்பிப் பாக்காதே. சமையலறை ஜன்னல்ல திரைக்குப் பின்னாடி நிக்கிறா. நமக்குத் தெரியாதுன்னு நெனைப்பு.

— இந்தப் பூ இன்னும் விரியலையே. காகிதத்தைச் சுருட்டி வெச்ச மாதிரி...

— தொடாதே. நாளைக்கு விரிஞ்சுடும். விடியும்போது வந்து பக்கத்துல உக்காந்து பாத்தேன் ஒரு நாள். விரியறது கண்ணுக்குத் தெரியலை. ஆனா விரிஞ்சுடுது. அது இதழ் இல்லன்னு உனக்குத் தெரியுமா?

— பின்னே என்ன?

— இலை. வெள்ளையாப் போன இலை. நடுவுல மஞ்சளா ஒரு குச்சி நிக்குது பாரு, அதுலதான் நெஜப்பூ. நூத்துக்கணக்குல இருக்கு, ஒவ்வொண்ணும் ஊசிமுனை அளவு. ரிட்டயர் ஆன பிறகு பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அத்தனை வருஷமா நான் பூன்னு நெனைச்சது பூவுக்குக் காவல் நிக்கிற இலை.

— காவல்... உங்களை மாதிரி.

— என்ன சொன்னே?

— ஒண்ணுமில்ல. இலை நுனியில தண்ணி சொட்டுதே, மழை பெஞ்சுதா?

— இல்ல. வேர் குடிச்சது போக மிச்சத்தை நுனி வழியா விட்டுடும். அதைத் தொட்ட கையை வாயில வைக்காதே. உனக்குச் சொல்லணுமா?

— ஏழு வயசுல தண்டைக் கடிச்சதை இன்னும் விடமாட்டீங்களா?

— உதடு வீங்கி, நாக்கு எரிஞ்சு, பேச்சு வராம... டாக்டர் வீட்டுக்கு உன்னைத் தூக்கிட்டு ஓடினேன். வழியெல்லாம் என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டே வந்தே. ரெண்டு பட்டன் போச்சு.

— பட்டனையும் எண்ணியிருக்கீங்க... அது சரி. அப்போ லில்லிப் பாத்தி கிணத்துப் பக்கம்தானே இருந்தது? கயிறு கட்டி நாலு வரிசை போடுவீங்க. இங்க எப்படி வந்தது?

— வந்தது.

— நடந்தா?

— நான்தான் தூக்கிப் போட்டேன்.

— எப்போ?

— உன் கல்யாணத்தன்னிக்கு. மத்தியானம். கடப்பாரை எடுத்துப் பாத்தியையே கிளறினேன். ஒரு கிழங்கு விடலை. கூடையில அள்ளிக்கிட்டு வந்து சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டினேன். நீ இறங்கிப் போன கேட்டையும் பூட்டினேன். சாவியையும் அதோட சேத்து எறிஞ்சேன்.

— அதான் சாவி இல்லையா?

— அதான் இல்ல.

— சாகட்டும்னு கொட்டினீங்க.

— சாகட்டும்னுதான் கொட்டினேன். நம்ம வீட்டுப் பொண்ணு கல்யாணத்துல கையில பிடிக்கிற பூ, இனிமே எந்தப் பொண்ணும் பிடிக்க வேண்டாம்னு... கோபம். ஆனா ஈரச் சேறும் ஓடற தண்ணியும்தான் இதுக்கு உசிருன்னு எனக்கு எங்க தெரியும்? நான் பாத்தி கட்டி, உரம் போட்டு, வரிசையில நிறுத்தினப்போ வருஷத்துக்குப் பத்துப் பூ பூத்தது. தூக்கி எறிஞ்ச இடத்துல மறு வருஷமே நாப்பது.

— கடவுளே.

— சுவருக்கு உள்ள இருந்த எனக்குத் தெரியவே தெரியாது. தெருவுல போறவங்க நிக்கிறதைப் பாத்தேன். சைக்கிளை நிறுத்திட்டு நிக்கிறாங்க. நம்ம வீட்டைப் பத்தித்தான் ஏதோ பேசறாங்கன்னு நெனைச்சு, சண்டை போடப் போனேன். போனா, யாரும் பேசலை. தபால்காரர் தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறார். நான் சுவத்து மேல எட்டிப் பாத்தேன்...

— பாத்து?

— நானும் பேசலை.

— அப்புறம்தான் சுவரை இடிச்சீங்களா?

— உடனே இடிச்சா தோத்துட்டேன்னு ஆயிடாதா? போன வருஷம்தான் இடிச்சேன். சுவத்துல விரிசல்னு சொல்லிக்கிட்டேன்.

— விரிசல் இருந்ததா?

— அதை ஏன் கேக்கறே?

— சிரிக்கலைண்ணா, இருமல்... நான் ஒண்ணு சொல்லட்டுமா? அன்னிக்குக் காலையில, ரெஜிஸ்தர் ஆபீஸ் போறதுக்கு முன்னாடி, அவரோட பூட்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். ஷட்டர் பிடியில ஒரு லில்லி செருகியிருந்தது. ஈரத்துணி சுத்தி.

— வெயில் ஏறுது. இப்படி நிழல்ல வந்து நில்லு.

— நம்ம அத்தைதான் எனக்குப் பூ எடுத்துத் தரணும். நீங்க வேண்டாம்னு சொல்லி, அவங்க மாட்டேன்னுட்டாங்க. வெறுங்கையாத்தான் நிப்போம்னு நெனைச்சிருந்தேன். அந்தப் பூவைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

— உங்க அண்ணி வேலையா இருக்கும். அவளுக்கு இளகின மனசு.

— அப்படித்தான் நெனைச்சேன். அடுத்த வாரமே கடிதம் போட்டு அண்ணிக்கு நன்றி சொல்லிட்டேன்.

— என்ன சொன்னா?

— பதில் வரலை.

— வராது. என் காதுக்கு வந்துடும்னு பயந்திருப்பா... சரி, விடு அதை. நாளைக்கு உன் மருமகளுக்குக் கல்யாணம்.

— தெரியும். பத்திரிகையை அவளே கடைக்கு வந்து கொடுத்தா. லில்லி பாக்கணும்னா வான்னு அண்ணியும் போன்ல சொன்னாங்க. அதான் வந்தேன். பாத்துட்டேன். கெளம்பறேன்.

— பூ பாக்க மட்டுமா வந்தே?

— வேற எதுக்குக் கூப்பிட்டீங்க?

— நான் கூப்பிடலை.

— அதைத்தான் நானும் சொல்றேன்.

— நில்லு. முந்தின நாள் பொழுது சாயறதுக்குள்ள பூவை எடுத்துத் தண்ணியில நிறுத்தணும். அம்மா எடுக்கக் கூடாது. அத்தைதான் எடுக்கணும். அவளுக்கு அத்தைன்னு இருக்கிறது... எத்தனை பேருன்னு உனக்கே தெரியும்.

— ஒருத்திதான்.

— ஆமா. அந்த ஒருத்தி எடுக்கலைன்னா, என் பொண்ணு நாளைக்கு வெறுங்கையா நிப்பா.

— அந்த ஒருத்தி தெருமுனையில ஒரு மனுஷனை ஸ்கூட்டரோட நிறுத்திட்டு வந்திருக்கா. கூப்பிட்டாத்தான் உள்ள வருவேன்னு சொல்லிட்டார். அவருக்கும் ரோஷம் இருக்குண்ணா.

— பூட்டுக்காரருக்கு ரோஷமா?

— அண்ணா.

— முழுசாக் கேளு. கேட்டுல பூட்டு துருப்பிடிச்சுக் கிடக்கு. சாவியும் கிடையாது. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இந்த வழியாத்தான் பூப்பாக்க வருவாங்க. பூட்டின கேட்டைச் சுத்திக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும்? வந்து திறந்து கொடுக்கச் சொல்லு.

— பூட்டைத் திறக்க மட்டும்தானா?

— திறந்துட்டு அந்தக் கேட்டு வழியா உள்ள வரச் சொல்லு. இலை போட்டுச் சாப்பிடற நேரம் ஆகுது. பூட்டுக்காரரை இல்ல, இந்த வீட்டு மாப்பிள்ளையைத்தான் கூப்பிடறேன். போதுமா?

— போதும்ணா.

— கண்ணைத் தொடைச்சுக்கோ. அண்ணி பாக்கறா. நல்ல பூவா எடு. இந்தா, கத்தி.

— கத்தி எதுக்கு?

— பூவை வெட்டத்தான்.

— அதை உள்ள வைங்க. லில்லியை வெட்ட மாட்டாங்க. அடியில பிடிச்சு, லேசாத் திருகி, இழுக்கணும். முழுத் தண்டும் கழண்டு வந்துடும். வெட்டினா மிச்சத் தண்டு அழுகிக் கிழங்குக்குள்ள இறங்கும். அத்தை எனக்கும் அண்ணிக்கும் கையைப் பிடிச்சுக் காட்டியிருக்காங்க. உங்களுக்குக் காட்டலை.

— எனக்கு எதுக்கு? ஆம்பளைங்க வேலையா அது?

— அதான் சொல்றேன். இருபத்தாறு வருஷமா யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருக்கேன். ஷட்டர்ல இருந்த பூவைத் திருப்பிப் பாத்தேன். தண்டு அடியில கத்தி வெட்டு. நேரா, கோடு கிழிச்ச மாதிரி. அண்ணிக்குக் கடிதம் போட்டேன்னு இப்போ சொன்னது பொய். யாருக்கு நன்றி சொல்லணும்னு தெரியும். சொன்னா அவர் தலை குனிஞ்சுடும்னு சொல்லலை. ஒன்றரை அடித் தண்டுண்ணா. இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

— ஒன்றரை அடி இல்ல, சின்னு. பதினெட்டரை அங்குலம். நம்ம அம்மா கல்யாணத்துல பிடிச்ச பூ அந்த அளவுன்னு அம்மாவே சொல்லியிருக்காங்க. டேப் வெச்சு அளந்துதான் வெட்டினேன்.