மேயர் அங்கியின் மடிப்பு

தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சத்தமாகவே சொன்னார்:

"மேயரு ஆனதும் எங்கண்ணன் மொத வேலையா ஊசி நூலு எடுத்துகினு குந்திச்சாம்க்கா."

அப்புறம் கண்டக்டர் கேட்டதுகூட என் காதில் விழவில்லை. அந்த அண்ணன் தியாகதுருகம் கடைவீதியில் தையல் மெஷின் மிதித்தவராம். இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போய், இப்போது அங்கே ஒரு நகரத்துக்கு மேயர்.

"ஊசி எதுக்குடி?"

"அங்க மேயருக்குன்னு ஒரு செவப்பு அங்கி இருக்குதாம். ஒருத்தர் போட்டுட்டு அடுத்தவருக்குக் குடுக்கறது. முன்னாடி இருந்தவரு நெட்டையாம். அண்ணன் போட்டா தரையில இழுக்குது."

"அடியில வெட்டிட வேண்டியதுதான?"

"அங்க இருக்கறவங்களும் அதான் சொன்னாங்களாம். அண்ணன் வெட்ட உடல. உள்பக்கமா மடிச்சி அதுவே கையால தச்சிகிச்சி. 'அடுத்து வர்றவரு உயரமா இருந்தா இன்னா பண்ணுவாரு? மடிப்பப் பிரிச்சி உட்டுக்கட்டும்'னு போன்ல சொல்லுது."

"உன் ஸ்கூல் பாவாடையக்கூட அப்படித்தான மடிச்சித் தைக்கும்! நீ வளர வளர பிரிச்சி உட்டுகினே இருக்கும்."

ஜன்னலோரத்துப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போது கேட்டார்.

"அதப் பிரிக்கறவங்க தையலப் பாத்துட்டு, யாரோ நல்ல டைலரு தச்சதுன்னு சொல்லுவாங்க இல்லக்கா?"