பத்தடி தள்ளி நின்னு

– சும்மா பானட்டத் தடவிக்கிட்டே நிக்காதீங்க. சூடா இருக்கா, இல்லையா? அதச் சொல்லுங்க.

– இல்லம்மா. சில்லுனுதான் இருக்கு.

– அப்போ நாம வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிச் சூடேத்திக் குறைய மறைக்கல. நல்லதுதானே?

– நல்லதுதான்.

– நல்லதுன்னு சொல்ற மூஞ்சியா இது?

– தங்கச்சி, நான் காய்கறி மண்டி வெச்சிருக்கிறவன், வண்டி புரோக்கர் இல்ல. பதினோரு வருஷமா நான் ஒருத்தன் மட்டும் ஓட்டுன வண்டி. என் வீட்டுக்காரர் மெக்கானிக், அவர் வர்ற வரைக்கும் வண்டியத் தொடக் கூடாதுன்னு போன்ல சொன்னீங்க. தொடல. சத்தியமாத் தொடல.

– கோவிச்சுக்காதீங்கண்ணே. எனக்குத் திங்கக்கிழமை ஆஸ்பத்திரித் துணி ஆரம்பிக்குது. தினம் முந்நூறு படுக்கை விரிப்பு. காலையில அழுக்க எடுக்கணும், சாயங்காலம் தொவச்சு மடிச்சதக் கொடுக்கணும். சொந்த வண்டி இருக்கான்னு கேட்டாங்க, இருக்குன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னிக்குச் சனிக்கிழமை.

– ஏம்மா, அதையெல்லாம் இவர்கிட்ட எதுக்குச் சொல்ற? விலைய ஏத்திடப் போறாரு.

– ஏத்த மாட்டேன் மாப்ளே. சொன்ன விலதான். டயரு நாலும் போன மாசந்தான் புதுசாப்...

– டீ எல்லாம் வேணாங்க. வந்த வேலைய முடிப்போம்.

– டயரு மாப்ளே! டயரு!

– ஓ, டயரா. இந்த ரோட்டு இரைச்சல்ல ஒண்ணும் விளங்க மாட்டேங்குது. இரு இரு, டிப் ஸ்டிக்க இழுக்கிறேன். ம்ம். ஆயில் கருத்திருக்கு, ஆனா அளவு சரி. விரல்ல வெச்சுத் தேச்சாப் பொடிப்பொடியா ஒண்ணும் தட்டுப்படல. ரேடியேட்டர் தண்ணியிலயும் எண்ணெய்ப் படலம் இல்ல. ஏம்மா, நீ போய் உக்காந்து ஸ்டார்ட் பண்ணு.

– பாத்தீங்களா! ஒரே சுத்துல எடுத்துக்கிச்சு!

– அதான் சொன்னேனே தங்கச்சி, தங்கமான இன்ஜின்.

– அண்ணே, பின்னாடி போய்ப் புகையக் கொஞ்சம் பாருங்களேன். நீலமா வருதா?

– நானே பாத்துட்டேன்மா. நீலமும் இல்ல, வெள்ளையும் இல்ல. இப்போ ஆயில் மூடியத் திறக்கிறேன். உள்ள இருந்து புகை மூச்சு அடிக்கல. பிஸ்டன் எல்லாம் நல்லாத்தான் இருக்கு.

– அப்போ வாங்கிடலாமா?

– இரு இரு. இன்னும் காதால கேக்கல.

– மாப்ளே, எங்க போறீங்க? இன்ஜின் இங்க இருக்கு!

– அவர் அப்படித்தாண்ணே. பத்தடி தள்ளிப் போயி, முதுகக் காட்டிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டுதான் கேப்பாரு. கல்யாணம் ஆன புதுசுல நான் எதாவது முக்கியமாப் பேசினாலும் அப்படித் திரும்பி நிப்பாரு. கோவமோன்னு நெனச்சு ஒரு வாரம் அழுதிருக்கேன்.

– பக்கத்துல நின்னாக் கண்ணு ஏமாத்தும். புதுப் பெயிண்ட்டப் பாத்ததும் காது மயங்கிடும். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வாய மூடுங்க.

– மூடிட்டோம், மூடிட்டோம்.

– ம்ம்...

– என்னங்க? ஏன் தலைய ஆட்டுறீங்க? எனக்குப் பதறுது. எதுவானாலும் சொல்லிடுங்க.

– இருக்கு.

– என்ன இருக்கு?

– டொக். டொக். டொக். உள்ள ஏதோ தட்டுது.

– ஐயோ, மறுபடியுமா!

– மாப்ளே, நான் தலையவே உள்ள விட்டுக்கிட்டு நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் கேக்கலையே!

– உங்களுக்குக் கேக்காது மண்டிக்காரரே. முப்பது வருஷம் இன்ஜின் பக்கத்துலயே கெடந்த காது இது.

– என்னங்க, இது அஞ்சாவது வண்டி. முன்னாடி பாத்த நாலுலயும் இதே டொக்தான் சொன்னீங்க. அந்த வெள்ளை வண்டிய பேக்கரிக்காரர் வாங்கினாரு. ரெண்டு மாசமா மூட்டை மூட்டையா மாவு ஏத்திக்கிட்டு என் கண்ணு முன்னாடியே ஓடுது.

– இன்னிக்கு ஓடும். ஒருநாள் பாலத்து ஏத்தத்துல நிக்கும்.

– நம்ம பழைய வண்டி பாலத்துல நின்னதையே நெனச்சு நெனச்சு உருகுறீங்க.

– பின்ன? நல்லாருக்குன்னு நான் சொல்லி வாங்கின வண்டி அது. இன்ஜினுக்குள்ள ராடு ஒடைஞ்சு நடுப்பாலத்துல நின்னுச்சு. பின்னாடி லாரி. உள்ள நீ. அன்னிக்கு இந்த டொக்கக் காதுல வாங்காம விட்டுட்டேனேம்மா. இனிமே விட மாட்டேன்.

– எனக்குத்தான் ஒரு கீறல் கூடப் படலையேங்க.

– பட்டிருந்தா? பிள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? படுத்தாக் கூட அந்தச் சத்தந்தான் கேக்குது.

– சரி, ரிப்பேருக்கு வந்த பால்காரர் வண்டியையே பாருங்க. டொக்குன்னு சொல்லித்தானே இன்ஜினப் பிரிச்சீங்க? நாலு நாள் ஷெட்டுல கெடந்துச்சு. உள்ள என்ன இருந்துச்சு?

– அது... ஒளிஞ்சுக்கிச்சு.

– ஒளிஞ்சுக்கிச்சா! இன்ஜினுக்குள்ள இருக்கிறது என்ன, திருடனா? அதுக்கப்புறம் அவர் வேற ஷெட்டுக்குப் போயிட்டாரு. நான் ஒரு வார்த்தை கேட்டேனா உங்கள?

– தங்கச்சி, குறுக்க பேசுறேன்னு நெனைக்காதீங்க. மாப்ளே, நானும் வண்டியோட மாரடிச்சவன். ராடு தட்டுச்சுன்னா, ஆக்சிலேட்டர மிதிக்க மிதிக்கத் தட்டுற வேகமும் ஏறணுமா, இல்லையா?

– ஏறணும். ஏம்மா, மிதி. இன்னும். இன்னும் கொஞ்சம்!

– முழுசா மிதிச்சிட்டேங்க! ஏறுதா?

– ஏறல. இன்ஜின் அந்தக் கத்து கத்துது, இது மட்டும் அதே நடையில டொக், டொக்குன்னு... இப்படி ஒரு தட்டல நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லம்மா. இது ஏதோ பொல்லாத குறை. வேணாம்.

– வேணாம்னா? திங்கக்கிழமை முந்நூறு விரிப்பையும் தலையில தூக்கிக்கிட்டுப் போவேனா?

– வாடகைக்கு ஒண்ணு எடுப்போம்.

– வாடகை போக எனக்கு என்னங்க மிஞ்சும்? ஷெட்டுக்கு வாரத்துக்கு ஒரு வண்டி வந்தாலே பெருசா இருக்கு. இந்தத் துணிதாங்க இனிமே நமக்குச் சோறு. எனக்குப் பயமா இருக்குங்க. வாய விட்டே சொல்றேன், ரொம்பப் பயமா இருக்கு.

– அழாதீங்க தங்கச்சி. வேற ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்து காட்டுங்களேன். நாளைக்கு வரைக்கும் நான் யாருக்கும் கொடுக்கல.

– மெதுவாப் பேசுங்கண்ணே, அவர் காதுல விழப் போகுது. இவர் வேணாம்னு சொன்ன வண்டிய இன்னொருத்தர் பேச்சக் கேட்டு வாங்கினேன்னா, மனுஷன் நொறுங்கிப் போயிடுவாரு. இருபத்திரெண்டு வருஷமா இவர் காத நம்பித்தான் நான் ரோட்டுல எறங்குறேன். எனக்குக் கொடுத்து வைக்கல, அவ்வளவுதான். உங்க நேரத்தக் கெடுத்துட்டோம், மன்னிச்சிடுங்க.

– அட, அதுக்கென்ன தங்கச்சி.

– ஏம்மா, ரேஸக் கொறச்சிட்டியா? அப்படியே வை, அப்படியே வை! இப்பதான் சுத்தமாக் கேக்குது.

– என்னங்க...

– பேசாத! மத்த இரைச்சல் எல்லாம் அடங்கிப் போயி, அது மட்டும் தனியா நிக்குது. டொக், டொக்... இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் எந்த வண்டியிலயும் மாட்டல. மண்டிக்காரரே, இங்க வந்து என் பக்கத்துல நின்னு கேளுங்க. நான் என்ன பொய்யா சொல்றேன்?

– தங்கச்சி, நீங்களே சொல்லுங்க.

– என்னங்க, திரும்புங்க. இந்தப் பக்கம் திரும்பி என்னப் பாருங்க.

– இரு இரு, கேட்டுக்கிட்டு இருக்கேன்ல!

– நான் அப்பவே வண்டிய அணைச்சிட்டு எறங்கி நிக்கிறேங்க. சாவி இதோ என் கையில இருக்கு.