சிலேட்டில் ஏறுகிற டாலர்

ஒரெஸ்ட்: கையை எடு யுவெட், சிலேட்டுல இன்னிக்கு விலையை இன்னும் எழுதி முடிக்கல.

யுவெட்: எழுதின வரைக்கும் போதும். பதினொண்ணுன்னு ஆரம்பிச்சிருக்கே! போன செவ்வாக்கிழமை பத்துல தானே நின்னுச்சு?

ஒரெஸ்ட்: பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. அதைப் போய் பத்துன்னு சொல்ல உனக்கு எப்படி மனசு வருது?

யுவெட்: சரி, இப்ப?

ஒரெஸ்ட்: பதினோராயிரத்து நூத்தம்பது.

யுவெட்: அடப்பாவி... இந்த பின்பால் விளையாட்டு மெஷின் கோடையில இருந்து அதே மூலையில, அதே நாலு கால்ல நிக்குது. ஒரு அடி நகரல. விலை மட்டும் எப்படி நடக்குது?

ஒரெஸ்ட்: சிகாகோவுல செஞ்சதும்மா. லாரி வாடகை, என் லாபம், வரி எல்லாம் சேத்து அமெரிக்கக் காசுல ஏழாயிரத்து ஐந்நூறு. அந்த எண்ணு மாறவே இல்ல. நம்ம கனடா டாலர், அந்த லூனிதான் ஊஞ்சல் ஆடுது. அது கீழ போனா சிலேட்டு மேல போகும்.

யுவெட்: ஒரு நாளாவது மேல வராதா?

ஒரெஸ்ட்: வரும். பொறுத்திருக்கணும்.

யுவெட்: பொறுக்கிறதா? இன்னிக்கு சாயங்காலம் எங்க கர்லிங் கிளப்புல கூட்டம். இன்னிக்கு வாங்கலேன்னா இந்தப் பணம் பாத்திரம் கழுவுற மெஷினுக்குப் போயிடும். தலைவர் வெண்டல் நோட்டீஸே அடிச்சு வெச்சிருக்காரு.

ஒரெஸ்ட்: அது என்ன விலையாம்?

யுவெட்: என்ன விலையா இருந்தா என்ன? ஒண்டாரியோவுல செஞ்சது. போன வருஷம் சொன்ன விலையையே இந்த வருஷமும் சொல்றாங்க. உன் சிலேட்டு மாதிரி குதியாட்டம் போடல.

ஒரெஸ்ட்: அப்ப அதையே வாங்கிக்கோங்க! கல்லைப் பனியில தள்ளி விட்டுட்டு, தொடப்பத்தை எடுத்துட்டு அது முன்னாடி பெருக்கிட்டே ஓடுற கூட்டம். உங்களுக்கு எதுக்கு பின்பால்?

யுவெட்: கர்லிங்கைப் பத்தி மட்டும் பேசாதே. நீ ஒரு தடவையாவது பனியில கால் வெச்சிருக்கியா?

ஒரெஸ்ட்: வெச்சேன். வழுக்கி விழுந்தேன். வந்துட்டேன்.

யுவெட்: பசங்க நிக்க மாட்டேங்கிறாங்க ஒரெஸ்ட். ஆட்டம் முடிஞ்ச உடனே கோட்டை மாட்டிட்டு இங்க பிராண்டனுக்குக் காரை விட்டுடுறாங்க. அப்புறம் கிளப்புல மிச்சம் இருக்கிறது நாங்க கெழடுங்க மட்டும்தான். பசங்க உக்காந்தாதான் டீம் சேரும், டீம் சேந்தாதான் நாலு ஆட்டத் தளத்துக்கும் பனி போட முடியும். வர்ற வருஷம் ரெண்டு தளந்தான்னு இப்பவே பேச்சு.

ஒரெஸ்ட்: ம்... கையில எவ்வளவு இருக்கு?

யுவெட்: பத்தாயிரத்து எழுநூறு. பெரோகி கொழுக்கட்டை விருந்து, வெள்ளிக்கிழமை கறி பரிசா வெச்சு நடத்துற குலுக்கல், எல்லாம் சேத்து. அதுக்கு மேல ஒரு சென்ட் கிடையாது.

ஒரெஸ்ட்: நானூத்தம்பது துண்டு விழுது.

யுவெட்: எனக்குக் கழிக்கத் தெரியும். ...சும்மா நிக்கிற நேரத்துக்கு ஒரு ஆட்டம் போடலாமா?

ஒரெஸ்ட்: ஜூலையில இருந்து போட்டுக்கிட்டே இருக்கே.

யுவெட்: ஓட்டிப் பாக்காம காரை வாங்குவாங்களா? பந்தை விடு.

ஒரெஸ்ட்: போ... போ... இடது துடுப்பால தட்டு! இடது!

யுவெட்: தெரியும், கத்தாதே!

ஒரெஸ்ட்: அந்தக் கலங்கரை விளக்கப் பொம்மையை அடி. அது எரிஞ்சாதான் ரெண்டாவது பந்து வரும்... ஆ, அப்படித்தான்!

யுவெட்: வந்துருச்சு! ரெண்டு பந்து! நீ வலது பக்கம் பாத்துக்கோ. ஒரெஸ்ட், வலது... ஐயோ, விட்டுட்டியே!

ஒரெஸ்ட்: நீ இடிச்சே!

யுவெட்: நான் எங்க இடிச்சேன், நீதான் தோளை ஒட்டிட்டு நின்னே!

நாடியா: சத்தம் பின்கட்டு வரைக்கும் கேக்குது. இந்தாங்க, காப்பி. யுவெட், உனக்குப் பால் ரெண்டு மடங்கு.

யுவெட்: நாடியா, நீயாவது உன் தம்பிக்கு எடுத்துச் சொல்லு.

நாடியா: என்ன சொல்றது? அவன் செவ்வாக்கிழமை ஆனா மட்டும் சவரம் பண்றான், சட்டைக்கு இஸ்திரி போடுறான். நான் சொல்லி அவன் செஞ்ச காரியம் ஒண்ணும் கிடையாது. ...இதென்னடா சிலேட்டுல?

ஒரெஸ்ட்: இன்னிக்கு விலை.

நாடியா: எந்த நாட்டுல?

ஒரெஸ்ட்: அக்கா, உள்ள அடுப்புல எதுவோ தீயுற மாதிரி இருக்கு.

நாடியா: அடுப்பே பத்த வெக்கல. பதினோராயிரத்து நூத்தம்பதுன்னா... லூனி அமெரிக்கக் காசுல அறுபத்தேழு சென்ட்டுக்கு விழுந்திருக்கணும். இப்பத்தான் வானொலியில சொன்னான், எழுபத்திரெண்டுன்னு.

ஒரெஸ்ட்: வானொலியில சொல்றது பெரிய பாங்கு விலை. நம்ம மாதிரி கடைக்காரனுக்கு பாங்கு வேற மாதிரி கொடுக்கும்.

நாடியா: ஒரு சென்ட் குறையும். அஞ்சு சென்ட்டா குறையும்? அது பாங்கா, வழிப்பறியா?

ஒரெஸ்ட்: பாதுகாப்புக்கு கொஞ்சம் சேத்து வெச்சேன்க்கா. நாளைக்கே சரிஞ்சுதுன்னா?

நாடியா: சரிஞ்சா உனக்கென்ன? இந்த மெஷினுக்கு மே மாசமே காசு அனுப்பியாச்சு. நான்தான் அனுப்பினேன்.

ஒரெஸ்ட்: அனுப்பினது பழைய காசு. இதை வித்துட்டு இதே மாதிரி இன்னொண்ணு நாளை விலைக்குத்தானே வாங்கணும்? இன்னிக்கு விலைக்கு வித்துட்டு நாளைக்குக் கைக்காசு போடச் சொல்றியா?

நாடியா: அது நியாயம். அதனாலதான் தினம் காலையில சிலேட்டை மாத்துறோம். ஆனா இன்னிக்கு விலைன்னு ஒண்ணு இருக்குல்ல? அதை எழுது.

ஒரெஸ்ட்: எழுதியாச்சு. சிலேட்டுல ஏறினது கடை சாத்துற வரைக்கும் மாறாது. நம்ம கடை வழக்கம் அதுதானே?

நாடியா: வழக்கம் வாங்க வர்றவங்களை ஏமாத்தாம இருக்கத்தான். சாக்பீஸைக் கொடு.

ஒரெஸ்ட்: அக்கா...

நாடியா: கொடுடா. ஏழாயிரத்து ஐந்நூறை எழுபத்திரெண்டு சென்ட்டால வகுத்தா... பத்தாயிரத்து நானூத்திப் பதினேழு. இந்தா, எழுதிட்டேன். யாரு அழிக்கிறாங்கன்னு பாக்குறேன். யுவெட்! உன் பணத்துல வாங்கிட்டு, மிச்சத்துல மூணு வாரத்துக்குப் பன்றித் தொடை வாங்கிக் குலுக்கல் போடலாம்.

யுவெட்: நானூத்திப் பதினேழா...

நாடியா: என்ன? சிரிப்பையே காணோம்?

யுவெட்: இல்ல... வரி?

நாடியா: வரியோடதான். சிலேட்டு விலைன்னா முழு விலை.

யுவெட்: ஆனா... இவ்வளவு பெரிய சாமான். பாதையெல்லாம் பனி. எங்க ஊருக்குப் போற வழியில ஃபாக்ஸ் கிரீக் மேட்டுல வண்டி ஏறுமோ என்னமோ.

நாடியா: நம்ம வேன்ல பனி டயர் மாட்டி ஒரு வாரம் ஆச்சு.

யுவெட்: கிளப் கதவு சின்னது.

நாடியா: கால் நாலையும் கழட்டிட்டா சவப்பெட்டி நுழையுற கதவுல நுழையும்.

ஒரெஸ்ட்: அந்த இடது துடுப்பு கூட கொஞ்சம் சோம்பலாத்தான் இருக்கு. இன்னும் ஒரு வாரம் வெச்சுப் பாத்துட்டு...

யுவெட்: ஆமா ஆமா, நானும் கவனிச்சேன். சோம்பல்தான்.

நாடியா: கொஞ்சம் நில்லுங்க. விக்கிறவன் குறை சொல்றான், வாங்க வந்தவ தலையாட்டுறா. முப்பது வருஷமா கடை நடத்துறோம், இப்படி ஒரு பேரத்தை நான் பாத்ததில்ல. யுவெட், நீ வாங்க வந்தியா, வாங்காம போக வந்தியா?

யுவெட்: வாங்கத்தான். நாலு தளத்துக்கும் பனி வேணும் நாடியா. அதுல விளையாட்டு இல்ல. ...வாங்கிக்கிறேன். எழுது.

நாடியா: அப்பாடா! நான் போய் வேனைச் சூடு பண்றேன். போர்வை எங்க வெச்சே ஒரெஸ்ட்? வேணாம், நானே தேடிக்கிறேன். நீங்க அந்தக் கடைசி பந்தை முடிங்க.

ஒரெஸ்ட்: பந்து காத்திட்டிருக்கு. அடி.

யுவெட்: நீ அடி.

ஒரெஸ்ட்: போச்சு. நேரா குழிக்குள்ள.

யுவெட்: வேணும்னே விட்டே.

ஒரெஸ்ட்: கை ஓடல. ...யுவெட், ஒண்ணு சொல்லணும். நீ கோவிச்சுட்டு பிராண்டன் பக்கமே வராம போனாலும் சரி, சொல்லிடுறேன். இன்னிக்கு மட்டும் இல்ல. ஜூலை கடைசியில இருந்து நான் இந்தச் சிலேட்டுல எழுதின ஒரு விலையும் நிஜம் இல்ல.

யுவெட்: ஓ.

ஒரெஸ்ட்: லூனி ரெண்டு தடவை நல்லா ஏறுச்சு. ஆகஸ்டுலயே உன் பணத்துக்கு இது வந்திருக்கும். நீ வாங்கிட்டுப் போயிட்டா... அப்புறம் செவ்வாக்கிழமைக்கு நீ எதுக்கு வரப்போறே? பனி பெருக்கவா? அதான் ஒவ்வொரு வாரமும் உனக்கு எட்டாத மாதிரி கொஞ்சம் தள்ளித் தள்ளி வெச்சேன். லாபத்துக்கு இல்ல, சத்தியமா இல்ல.

யுவெட்: எட்டாத மாதிரி.

ஒரெஸ்ட்: தப்புதான். உங்க பசங்க ஒரு கோடை முழுக்க இதை விளையாடியிருப்பாங்க.

யுவெட்: கோடையில ஏதுடா பனி? கிளப் திறந்ததே போன மாசம்தான். பசங்களுக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல.

ஒரெஸ்ட்: இருந்தாலும்... நீ பாவம், என் சிலேட்டை நம்பி, அரை மணி நேரம் காரோட்டி வந்து, வெறுங்கையோட திரும்பிப் போய்...

யுவெட்: இரு. நான் உன்னை நம்பினேன்னு யாரு சொன்னா? ஒரெஸ்ட், நான் தினம் காலையில எங்க ஊர் ஓட்டல்ல, கனோலா எண்ணெய் வித்து போடுற விவசாயிங்க மேசைக்குக் காப்பி ஊத்துறவ. அவங்க விளைச்சல் போறது அமெரிக்க விலையில. லூனி விழுந்தா அன்னிக்கு எல்லாருக்கும் டோனட், ஏறுச்சுன்னா காப்பிக்குக் கூட முகத்தைச் சுளிப்பாங்க. முட்டை வேகுறதுக்கு முன்னாடி டாலர் விலை என் காதுக்கு வந்துரும். நீ ஒவ்வொரு செவ்வாயும் எவ்வளவு ஏத்தி எழுதினேன்னு கார்ல ஏறும்போதே கணக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் போவேன். அக்டோபர்ல நன்றித் திருநாள் வாரத்துல மட்டும் நீ கிட்டத்தட்ட சரியான விலையை எழுதிட்டே பாரு... அன்னிக்குத்தான், இனிமே நான் வர வேணாம்னு நெனச்சிட்டியோன்னு, வீடு போற வரைக்கும் அழுகை அழுகையா வந்துச்சு.