துக்க உடையின் மிச்சத் துணி

கருப்புத் துணி தைப்பது கண்ணைக் கெடுக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. நூலும் கருப்பு, துணியும் கருப்பு. எனக்கு மூன்று நாள் பிடித்தது.

என் பெயர் டார்கஸ் வென்னிங். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டேன். தலைமாட்டில் ஒரு பித்தளை மணி வைத்திருப்பாள். தலையணை நகர்ந்தால் மணி, தேநீர் ஆறினால் மணி. குறை சொல்லவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் செய்தது தம்பி ஆம்புரோஸுக்காக. அவன் தெர்சா ஹாலமைக் காதலித்தான். சொந்தமாகப் புகைப்பட நிலையம் நடத்துகிறவள். தொப்பி கிடையாது, கையுறை கிடையாது, படம் கழுவும் மருந்தின் கறை படிந்த விரல்களோடு யார்க் நகரமெங்கும் மூன்று சக்கர வண்டி மிதிப்பாள்.

"நான் உசுரோட இருக்கறவரைக்கும் அந்தக் கறைக்கைக்காரி இந்தப் படி ஏறக்கூடாது" என்றாள் அம்மா. தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆகவே வியாழக்கிழமை மதியம், அபினி மருந்தில் இருபது சொட்டுக்குப் பதில் பாதிப் புட்டியை ஊற்றினேன். கசக்கிறது என்றாள். சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். நாலு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. துக்கம் கேட்க வருகிறவர்கள் முன்னால் நீல உடையில் நிற்க முடியுமா? கருப்பு உடுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை, அம்மாவைக் கடைசியாகப் படமெடுக்கத் தெர்சாவையே தம்பி அழைத்து வந்தான். முதன்முறையாக அந்தப் படி ஏறினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரொம்ப அளவா இருக்கே, மிஸ் வென்னிங். ஒரே ராத்திரியில யாரு தச்சாங்க?"

"நானேதான்."

அம்மாவின் கையில் வைக்க மணியை எடுத்தாள். ஒலிக்கவில்லை. கவிழ்த்துப் பார்த்தாள். அதன் நாக்கில் என் உடையின் மிச்சத் துணி சுற்றியிருந்தது. முந்தின மதியம் அம்மா அதை அரைமணி நேரம் ஆட்டிக்கொண்டிருந்தாள். பாவமாகத்தான் இருந்தது.

"இனி நீங்க ரெண்டு பேரும் தாராளமாக் கட்டிக்கலாம்" என்றேன்.

தெர்சாவின் முகம் வெளுத்தது. "தாய் செத்தா ஒரு வருஷத்துக்குக் கல்யாணமே கிடையாதே. நாளைக்கு ரகசியமாக் கட்டிக்கிட்டு லிவர்பூல் போறதா இருந்தோம். உங்ககிட்ட மட்டும்தானே அவரு சொன்னாரு?"

சொன்னான், ஐயா. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து திரும்பும்போது சொன்னான். மறுநாள் காலை துணிக்கடை திறந்ததும் போனேன். ஆனாலும், தம்பிக்காகத்தான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சிறைக் கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். இங்கே மணிச் சத்தம் கிடையாது, நன்றாகத் தூக்கம் வருகிறது.