சும்மா கிடைத்தது

திங்கட்கிழமை காலை, பட்டாபிராமில் மின்சார ரயில் ஏறிய காக்கி உடுப்புத் தொழிலாளி ஒருவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நேத்து சர்ச்சு உள்ள போய்ட்டேன் மச்சான்."

"ரெண்டு வருசமா பொஞ்சாதிய உள்ள அனுப்பிட்டு வாசல்லதானே நின்னுகினு இருந்தே?"

"குடிச்சிட்டு ஒருத்தர் கைய ஒடச்சவன், அவரு உக்காந்துகினு இருக்கிற எடத்துக்கு எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது? நேத்து அவரே எழுந்து வெளிய வந்தாரு. நான் ஒடச்ச அந்தக் கையாலயே என்னைப் புடிச்சி இட்டுகினு போயி, அவரு பக்கத்துல உக்கார வெச்சாரு."

"மன்னிப்பு கேட்டியா?"

"எங்க கேட்டேன்? அழுகைதான் வந்துது."

"அப்போ சும்மாவா மன்னிச்சாரு?"

"சும்மாதான். தகுதி இல்லாதவனுக்குக் குடுக்கிறதுதான் கிருபைன்னு பாஸ்டர் சொன்னாரு."

கொரட்டூரில் இறங்க எழுந்தவர், பெட்டி முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

"எனக்குன்னே எடுத்து வெச்ச மாதிரி கீது மச்சான்."